வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து

வாசகர் கடிதம்:

"என் அப்பாவுக்கு 68 வயது. போன மாதம் ஒரு காலை, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். வீட்டில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஆம்புலன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தோம். குறட்டை போல அவ்வப்போது ஒரு மூச்சு வந்ததால் வெறும் மயக்கம்தான் என்று நினைத்தோம். சத்தம் கேட்டு மூன்று நிமிடத்தில் மாடி வீட்டுப் பெண் ஓடிவந்தாள். கல்லூரியில் படிப்பவள். அப்பாவைத் தரையில் இறக்கச் சொல்லி, நெஞ்சில் அழுத்தத் தொடங்கினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை, ஒன்பது நிமிடமாவது இருக்கும், அவள் நிறுத்தவே இல்லை. வந்தவர்கள் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அப்பா பிழைத்துவிட்டார்.

ஆனால் அவருக்கு மூன்று விலா எலும்புகள் முறிந்துவிட்டன. இரவெல்லாம் வலியில் முனகுகிறார். மருத்துவம் படிக்காத பெண் இவ்வளவு முரட்டுத்தனமாகச் செய்தது சரிதானா? என் மனைவியோ, நாம் எல்லோரும் சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி, கற்றுக்கொள்ள வேண்டும் என்று தினமும் சொல்கிறாள். எங்கள் அலுவலகத்தில்கூட ஒரு முறை இந்தப் பயிற்சி வைத்தார்கள்; வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலை கிடந்ததால் எழுந்து வந்துவிட்டேன். இதெல்லாம் மருத்துவர்கள் செய்ய வேண்டியது அல்லவா? சாதாரண மனிதர்கள் தவறாகச் செய்து உயிர் போய்விட்டால் யார் பொறுப்பு? அந்தப் பெண்ணும் இப்போது எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறாள்."

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. எத்தனையோ வீடுகளிலிருந்து, எத்தனையோ விதமாக வந்திருக்கிறது. அப்பா பிழைத்ததைப் பற்றி ஆறுதலாக நாலு வார்த்தை எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு இப்போது அதற்கு மனம் இல்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்" என்று. முதலில் அதைப் பேசுவோம்.

அந்தப் பயிற்சி எவ்வளவு நேரம் நடந்திருக்கும்? மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் நீங்கள் செய்து முடித்த வேலை எது என்று இன்று நினைவிருக்கிறதா? இருக்காது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன தெரிந்துகொண்டார்கள் என்று நான் சொல்கிறேன். அதை உங்கள் வீட்டில் அன்று காலை நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒருவர் திடீரென்று விழுகிறார்; தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை; மூச்சு இல்லை, அல்லது இயல்பாக இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். குறட்டை போல வந்தது என்கிறீர்களே, அதை மூச்சு என்று நம்பியதுதான் அன்று நீங்கள் செய்த பெரிய தவறு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு அப்படி ஒரு திணறல் வரும். வாய் திறந்து மூடும், தொண்டையிலிருந்து சத்தம் வரும். உடம்புக்கு வேண்டிய காற்று அதில் போகாது. "மூச்சு இருக்கிறது" என்று நம்பிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, பெற்றவர்களைப் பறிகொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். முதல் பாடத்திலேயே இதைச் சொல்லித் தருவார்கள். அப்போது நீங்கள் உங்கள் மேசைக்குத் திரும்பியிருந்தீர்கள்.

பிறகு கட்டிலில் தூக்கிப் போட்டீர்கள். மெத்தையின் மேல் வைத்து அழுத்தினால் நெஞ்சோடு மெத்தையும் அமுங்கும். ரத்தம் ஓடுவதற்கு வேண்டிய ஆழம் கிடைக்காது. அந்தப் பெண் தரையில் இறக்கச் சொன்னது அதற்காகத்தான். அவள் வருவதற்குள் மூன்று நிமிடங்கள் தண்ணீர் தெளிப்பதில் போய்விட்டன. நெஞ்சழுத்தம் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்குகிறது. உங்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர மொத்தம் பன்னிரண்டு நிமிடங்கள். மாடி வீட்டில் அன்று யாரும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஒன்பது நிமிடங்களுக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை உலுக்கிய இடம் அது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் பெரியவர்களுக்கு நெஞ்சு 5 சென்டிமீட்டராவது கீழே போக வேண்டும், பிறகு முழுவதுமாக மேலே எழ விட வேண்டும். ஒன்பது நிமிடத்துக்குக் குறைந்தது 900 முறை. இதில் கைதேர்ந்தவர்களே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். களைப்பு வந்தால் அழுத்தும் ஆழம் குறைந்துவிடும், அழுத்துபவருக்கே அது தெரியாது. உங்கள் வீட்டில் ஆறு பேர் இருந்தீர்கள். அப்பாவையும் சேர்த்து ஆறு என்றால்கூட ஐந்து ஜோடிக் கைகள். ஒருவராவது அவளருகில் மண்டியிட்டு, "நீ கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள் அம்மா, நான் அழுத்துகிறேன்" என்று சொன்னீர்களா? சொல்லியிருக்க முடியாது, உங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பில் நீங்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிட்டீர்கள். பெற்ற மகன் சுவரோரம் நிற்க, அடுத்த வீட்டுப் பிள்ளை தனியாகப் போராடியிருக்கிறாள். அவளைத்தான் முரட்டுத்தனம் என்கிறீர்கள்.

விலா எலும்பு முறிந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சரியான ஆழத்துக்கு அழுத்தும்போது, அதிலும் வயதானவர்களுக்கு, விலா எலும்புகள் முறிவது அடிக்கடி நடப்பது. மருத்துவமனையில் மருத்துவர் அழுத்தினாலும் முறியும். முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். வலிக்கு மருந்து கேளுங்கள்; வலிக்குப் பயந்து அவர் ஆழ மூச்சு விடாமலோ இருமாமலோ இருந்தால் நுரையீரலில் சளி தங்கிவிடும், ஆகவே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் இரவில் முனகுகிறார் என்றால், முனகுவதற்கு அவர் இருக்கிறார்.

"மருத்துவர் செய்ய வேண்டியது அல்லவா" என்கிறீர்கள். நெஞ்சின் மேல் அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முறை யாரால் வந்தது என்று தெரியுமா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியாளரும், நிக்கர்பாக்கர் என்ற பொறியியல் மாணவரும், ஜூட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து 1960இல் அதை உலகுக்கு எழுதினார்கள். மின் அதிர்ச்சிக் கருவியை நாயின் நெஞ்சில் அழுத்தி வைத்தபோது ரத்த அழுத்தம் ஏறுவதைப் பொறியாளர்கள் கவனித்ததிலிருந்து பிறந்தது அது. இரண்டு கைகள் போதும், யாரும் எங்கும் செய்யலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார்கள். அதற்கு முன் நெஞ்சைப் பிளந்து, இதயத்தைக் கையில் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. அதுதான் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. சாதாரண மனிதர்களும் செய்ய வழி பிறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

சாதாரண மனிதர்கள் கற்றால் என்ன நடக்கும் என்பதற்கு டென்மார்க்கைப் பாருங்கள். பள்ளிகளிலும், ஓட்டுநர் உரிமம் எடுப்பவர்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், அருகில் இருந்தவர்களிடமிருந்து நெஞ்சழுத்தம் பெற்றவர்கள் 2001இல் 100க்கு 21 பேர். 2010இல் 45 பேர். அதே காலத்தில், முப்பது நாட்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் 3.5இலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தது. சிகிச்சை முறைகளும் மேம்பட்டன, மறுக்கவில்லை. ஆனால் மூளைக்கு ரத்தம் போகாமல் பன்னிரண்டு நிமிடம் கிடந்தவருக்கு எந்தச் சிகிச்சையும் பெரிதாக உதவாது.

பொறுப்பு யாருடையது? இதயம் நின்று கிடப்பவருக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் முடிவு ஒன்றே. நீங்கள் அழுத்துவது கொஞ்சம் பிசகினாலும் அதைவிடக் கேடு செய்துவிட முடியாது. ஒருவேளை இதயம் ஓடிக்கொண்டிருந்து, தெரியாமல் அழுத்திவிட்டால்கூடப் பெரிய காயம் ஏற்படுவது அரிது. நல்லெண்ணத்தோடு உதவுபவர்களைக் காக்கும் சட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. ஆனால் நான் சட்டத்தைப் பற்றி உங்களிடம் அதிகம் பேச விரும்பவில்லை. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நிற்பது பத்தில் ஏழு முறை வீட்டுக்குள்தான் நடக்கிறது. அப்போது பக்கத்தில் இருப்பது மகன், மகள், மனைவி, கணவன். பெற்றவர்களுக்குப் பணம் அனுப்புவதையும் மருந்து வாங்கித் தருவதையும் கடமை என்கிறோம். அவர்கள் விழுந்தால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருப்பதும் அதே கடமைதான். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. பாசம் இருக்கிறது என்கிறீர்கள், இருக்கட்டும். அன்று காலை உங்கள் பாசம் தண்ணீர்தான் தெளித்தது.

உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். தினமும் சொல்ல வைத்ததே தவறு. குடும்பமாகப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பன்னிரண்டு வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் பள்ளியில் கற்றுத் தரலாம் என்ற திட்டத்தை 2015இல் உலக சுகாதார நிறுவனமே ஆதரித்திருக்கிறது. பொம்மையின் மேல் உண்மையிலேயே அழுத்திப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் எவ்வளவு ஆழம், அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது வீடியோவைப் பார்த்து வராது, தோளும் முதுகும் கற்க வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கினால், பெரியவர்களுக்கு வெறும் அழுத்தமாவது கொடுங்கள். குழந்தைகளுக்கும், நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சு கொடுப்பது முக்கியம். அதையும் அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். பொது இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் மின் அதிர்ச்சிக் கருவியைத் திறந்தால் அதுவே பேசி வழிகாட்டும், அதையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ஒரு முறை கற்றதோடு விட்டுவிடாதீர்கள். சில மாதங்களிலேயே கை மறக்கத் தொடங்கிவிடும்.

கடைசியாக, அந்தப் பெண். ஏன் ஒதுங்கிப் போகிறாள் என்று உங்களுக்கு உண்மையிலேயே புரியவில்லையா? எலும்பு முறிந்த பேச்சு உங்கள் வீட்டிலிருந்து மாடி ஏறியிருக்கிறது. உயிரைக் காப்பாற்றியவர்களே பல நாட்கள் தூக்கம் இல்லாமல், சரியாகச் செய்தோமா என்று மருகுவது உண்டு. எலும்பு நொறுங்கும் சத்தத்தை அவள் தன் உள்ளங்கையில் கேட்டிருப்பாள். கேட்ட பிறகும் நிறுத்தாமல் அழுத்தியிருக்கிறாள். இருபது வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பாரம்!

இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே மாடிக்குப் போங்கள். அப்பாவால் படி ஏற முடியாது என்றால் அவளைக் கீழே வரச் சொல்லி, அவர் அருகில் உட்கார வையுங்கள். எலும்பு முறிவது வழக்கம்தான் என்று அவளுடைய பெற்றோர் காதிலும் விழும்படி உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு அவள் எங்கே கற்றாள், அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள். பயிற்சி முடிந்து எழுந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.