ஏற்காடு ஏறும்போது நியூட்ரல் விழாத பழைய ஸ்ப்ளெண்டர்

நண்பரே, அடிவாரம் வரை ஒழுங்காக விழும் கியர் பாதி மலை ஏறியதும் முரண்டு பிடிக்கிறது, நின்றால் நியூட்ரல் கிடைப்பதில்லை, இன்ஜினை ஆஃப் செய்தால் உடனே விழுகிறது என்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். இன்ஜின் ஓடாதபோது சுலபமாக மாறும் கியர்பாக்ஸில் பெரிய கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்றே நினைக்கிறேன். மெக்கானிக் சொன்னார் என்று இன்ஜினை முழுசாகப் பிரிக்க இப்போதே சம்மதிக்காதீர்கள், வீண் செலவு.

வண்டி சூடாக இருக்கும்போதே சென்டர் ஸ்டாண்டு போட்டு, முதல் கியரில் கிளட்சை முழுதாகப் பிடியுங்கள். பின்சக்கரம் லேசாகச் சுற்றுவது சகஜம். பிரேக் அழுத்தும்போது இன்ஜின் திணறினால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது முழுசாக விடுபடவில்லை.

முதலில் கிளட்ச் கேபிள். லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் (கேபிள் இழுபடுவதற்கு முன் லிவர் சும்மா நகரும் தூரம்) போதும். பழைய வண்டியில் இழை பிரிந்த கேபிளை எவ்வளவு திருகினாலும் பயனில்லை, மாற்றிவிடுங்கள். ஆயிலும் பழசென்றால் மாற்றுங்கள், டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக்குறி) என்று இருக்கணும். கார் ஆயில் வேண்டவே வேண்டாம், கிளட்ச் வழுக்கும்.

அப்படியும் சரியாகாவிட்டால் வலப்பக்க கவரை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். கிளட்சின் ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கிறதா, பிளேட்டுகளைத் தாங்கும் கிண்ணமான கிளட்ச் ஹவுசிங்கின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். பள்ளத்தில் பிளேட் சிக்கினால் கிளட்ச் விடுபடாது.

சரியாகும்வரை இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரிலேயே வாங்க, நியூட்ரலில் உருட்டாதீங்க.