அவளிடம் பேசமாட்டார்கள், புருஷனைக் கூப்பிடுவார்கள்

அன்புள்ள அக்கா,

பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் பெண் அர்குலா ஃபொன் கிரும்பாக் பற்றி அண்மையில்தான் படித்தேன். 1523, 24இல் அடுக்கடுக்காக எழுதிய பெண், அதன்பின் ஏன் எதையும் அச்சிடவில்லை? தோற்றுவிட்டார் என்று சொல்லலாமா? என்ன இருந்தாலும் பிரபுக் குடும்பம், வசதி இருந்தது, பேச முடிந்தது என்றுதான் தோன்றுகிறது.

– ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

நானும் இந்த நாட்களில் அர்குலாவைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் உடனே எழுதுகிறேன். தோற்றாரா ஜெயித்தாரா என்பதை விடு. உன் கடைசி வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வசதியாம்! பத்து வயதில் அப்பா அவர் கையில் ஒரு ஜெர்மன் பைபிளைக் கொடுத்தார், சரி. படித்தால் குழம்பிவிடுவாய் என்று துறவிகள் தடுத்தார்கள். 1509இல் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கொள்ளைநோயில் போனார்கள். 1523இல் அவர் நான்கு பிள்ளைகளின் தாய், கணவர் பவேரியாவில் டியட்ஃபுர்ட் ஊரின் அதிகாரி. அப்போதுதான் இங்கோல்ஷ்டாட் பல்கலைக்கழகம், ஸேஹோஃபர் என்ற பதினெட்டு வயதுப் பையனை கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூத்தர் பக்கம் சாய்ந்தான் என்று பிடித்து, எரித்துவிடுவோம் என்று மிரட்டி, நம்பியதையெல்லாம் மறுக்க வைத்தது. ஆண் ஒருவனும் வாய் திறக்காததால் அர்குலா எழுதினார்: லூத்தர் எழுதியதில் எது தப்பு, காட்டுங்கள். எனக்கு லத்தீன் தெரியாது, உங்களுக்கு ஜெர்மன் தெரியுமே, அதில்தானே பிறந்து வளர்ந்தீர்கள், எல்லோர் முன்னாலும் அதிலேயே பேசலாம், வாருங்கள். இரண்டு மாதத்தில் 14 பதிப்பு ஓடியது அந்தக் கடிதம்.

பேராசிரியர்கள் ஒரு வரி பதில் போடவில்லை. கணவரின் வேலை போயிற்று. இங்கேதான் நீ நின்று யோசிக்க வேண்டும். கேட்டது அவர், தண்டனை புருஷனுக்கு, பெண்டாட்டியை அடக்கவில்லை என்று. அந்தக் கணவரோ அவர் பக்கமே இல்லை, கடைசிவரை பழைய கத்தோலிக்க மதத்தில்தான் இருந்தார். என் அத்தை ஒருமுறை ஊர்ப் பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்டு எழுதினாள். மறுநாள் மாமாவைக் கூப்பிட்டனுப்பி, திண்ணையில் உட்காரவைத்து, காபி கொடுத்துப் பேசினார்கள். கணக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. அத்தைக்கு எந்தப் பிரபு வம்சமும் கிடையாது தம்பி, அர்குலாவுக்கு இருந்தது, நடந்தது ஒன்றுதான். பதில் சொல்லிவிட்டால் அவளும் பேசத் தகுந்த ஆள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

அர்குலாவைச் சுவர் எழுப்பி உள்ளே அடைக்க வேண்டும் என்று உறவுகளுக்குள்ளேயே பேச்சு வந்தது. பிள்ளைகளின் கதி என்ன என்றதற்கு, பறவைகளுக்குச் சோறு போடுகிறவர் இவர்களுக்கும் போடுவார் என்று எழுதினார். போய் நூல் நூற்கச் சொல்லி ஒருவன் பாட்டெழுதியபோது பாட்டிலேயே திருப்பிக் கொடுத்தார். அச்சில் வரவில்லை என்றால் ஓய்ந்துவிட்டார் என்று அர்த்தமா? 1530இல் கோபுர்க் கோட்டைக்குப் போய் லூத்தரை நேரில் பார்த்தார். குழந்தையைத் தாய்ப்பால் மறக்கடிக்க அர்குலா சொன்ன யோசனையை லூத்தர் தன் மனைவிக்குக் கடிதத்தில் எழுதியனுப்பினார்: ஒரேயடியாக நிறுத்தாமல், ஒவ்வொரு வேளையாகக் குறை.

உன்மேல் கோபமில்லை, கேட்டாயே, அதுவே சந்தோஷம். அந்த முதல் கடிதம் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. முழுசாகப் படி. அப்புறமும் வசதி என்றுதான் தோன்றினால் எனக்கு எழுது, பேசுவோம்.

அன்புடன்,
அக்கா