பற்றரி இப்போது வாங்குவதா, விலை இறங்கட்டும் என்று பொறுப்பதா?

வட்டக்கச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “கூரையில் 5 கிலோவாற் சோலர் போடப்போறன். பற்றரி விலை வருசா வருசம் இறங்குது எண்டு சொல்லுகினம், பொறுக்கிறதா? கிணத்து மோட்டரும் பிரிட்ஜும்தான் எனக்கு முக்கியம்.”

சோலர் பூட்டிய பலருக்கு முதல்முறை கரண்ட் நின்ற அன்றுதான் ஒரு விசயம் தெரியவருகிறது. பற்றரி இல்லாத சாதாரண ஒன்கிரிட் இன்வேட்டர் (சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி லைனோடு சேர்க்கிற பெட்டி), வெளியில் வெயில் கொளுத்தினாலும் லைன் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற ஆளுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். அதனால் இன்வேட்டரை இப்போதே பற்றரியோடும் வேலை செய்கிற ஹைபிரிட் வகையாக வாங்குங்கள், பற்றரியைப் பிறகும் கொழுவலாம்.

மோட்டருக்காகப் பற்றரி வாங்காதீர்கள். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய 1 கிலோவாற்தான், ஆனால் தொடங்கும் நொடியில் அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். அதற்கேற்ற இன்வேட்டரும் பற்றரியும் வாங்கினால் காசு எகிறிவிடும். பகலில் இறைத்து உயரத் தாங்கியை நிரப்பிவிட்டால் அந்தத் தண்ணீரே உங்கள் சேமிப்பு.

மிச்சம் இரவுதான். பிரிட்ஜ் ஒரு நாளுக்கு 1 யூனிற் அளவு எடுக்கும், மூன்று ஃபான் விடியும்வரை ஒன்றரை யூனிற், லைற்றுகள் கொஞ்சம். 5 யூனிற் (5 கிலோவாற் மணி) கொள்ளும் லிதியம் பற்றரி ஒன்று தாராளம். பழைய ஈய அமிலப் பற்றரி விலை குறைவுதான், ஆனால் சார்ஜைப் பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், வன்னி வெக்கையில் இன்னும் வேகமாக.

விலை இன்னும் இறங்கும், லிதியத்துக்குப் பதில் சோடியம் வைத்துச் செய்யும் பற்றரிகளும் வந்துகொண்டிருக்கின்றன. சோடியம் பற்றரி லிதியத்தைவிடப் பாரம்தான், ஆனால் வீட்டில் வைப்பதற்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டதே, அதையும் நினையுங்கள். பகலில் கரண்ட் மிஞ்சுகிறது, மாலை ஆறரைக்குப் பிறகு தட்டுப்பாடாகிறது. உங்கள் பகல் யூனிற்றை வாங்க ஆள் குறையக் குறைய, இரவுக்கு எடுத்து வைக்கிறவருக்குத்தான் லாபம்.

ஆகவே முழுதாகப் பொறுக்கவேண்டாம். இப்போது 5 யூனிற் பற்றரி ஒன்று போதும், பிறகு அதே மொடலில் இன்னொன்றைச் சேர்க்கலாம் என்று கடையில் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், தகரக் கூரைக்குக் கீழே மட்டும் பற்றரியைப் பூட்டவேண்டாம், நிழலான சுவர் நல்லது.