பார்சலை ஒளித்து வைக்கும் பிள்ளை

கேள்வி: எனக்கு வயது 43. ஐந்து வருடங்களாக ஜப்பானிலிருந்து ‘என்’ கேஜ் என்னும் சின்ன அளவு மாடல் ரயில்கள் வாங்குகிறேன். காட்டோ, டோமிக்ஸ் கம்பெனி ரயில்கள்தான் அதிகம். ரயில் விலையோடு அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் கையைக் கடிக்கிறது. ஒரு விற்பனையாளர் ‘குழந்தை விளையாட்டுப் பொருள், அன்பளிப்பு’ என்று எழுதி, விலையையும் குறைத்துப் போட்டு அனுப்புகிறார். இதனால் சிக்கல் வருமா? என் மனைவிக்கு இதெல்லாம் வெறும் பொம்மை. இரண்டு வருடத்துக்கு முன்பு பெரிய சண்டை வந்தபோது, நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் நிறுத்தவில்லை. இப்போது வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை. பார்சல் வந்தால் என் பத்து வயது மகனே வாங்கி அவன் அலமாரிக்குப் பின்னால் வைத்துவிடுவான். கெட்டிக்காரன், அம்மாவிடம் மூச்சு விடமாட்டான். ரயிலை மட்டும் அவன் கையில் கொடுப்பதில்லை, சின்னச் சின்ன பாகங்கள் உடைந்துவிடும். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. இருக்கும் ஒரே சந்தோஷம் இதுதான். 16 பெட்டிகள் கொண்ட 0 வரிசை ஷின்கான்சென் (ஜப்பானின் புல்லட் ரயில்) மாடல் ஒன்றை முன்பதிவு செய்திருக்கிறேன், சில மாதங்களில் வந்துவிடும். அதற்குள் மனைவிக்கு எப்படிப் புரிய வைப்பது? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: ‘இப்போது வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே உங்கள் மகன் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இந்த இரண்டு வரியையும் நீங்களே ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை என்ற வாக்கியம் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் எனக்கு நன்றாகப் பழகிப்போன ஒன்று. கேமரா லென்ஸ் வாங்குகிறவரும் அதைத்தான் எழுதுகிறார், கைக்கடிகாரம் சேர்ப்பவரும் அதைத்தான் எழுதுகிறார். குடிக்காமல் இருப்பது மனைவிக்கு நீங்கள் செய்யும் உபகாரம் இல்லை. அதைக் காட்டி வேறொன்றுக்கு அனுமதி வாங்கவும் முடியாது. அதனால் அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுவோம்.

எனக்கு உங்கள் மகனைப் பற்றித்தான் பேச வேண்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய விஷயம் அது. வாசலில் மணி அடிக்கிறது. அம்மா எந்த அறையில் இருக்கிறாள் என்று அவன் முதலில் பார்த்துக்கொள்கிறான். பிறகு சத்தமில்லாமல் கதவைத் திறந்து, வாங்கி, தன் அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது தானாக வராது. நீங்கள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், இல்லை முதல் தடவை அவன் ஒளித்தபோது தலையைத் தடவிக் கொடுத்திருக்கலாம். எப்படியோ அவனுக்குப் பாடம் ஆகிவிட்டது. அப்பா தன்னை நம்புகிறார் என்ற பெருமையில் செய்கிறான். அந்தப் பெருமையை நீங்கள் உங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன். ஒளிக்கும் இடம் ஏன் அவனுடைய அலமாரி? உங்களுக்கென்று ஓர் அலமாரி வீட்டில் இருக்கும். அதன் பின்னால் ஏன் வைக்கவில்லை? உங்கள் மனைவி ஒருநாள் சுத்தம் செய்யும்போது அது கையில் கிடைத்தால், முதல் கேள்வி அவனுக்குத்தான் போகும். ‘இது என்னடா?’ என்று அவள் கேட்கும்போது, உங்களைக் காட்டிக்கொடுப்பதா, அம்மாவிடம் பொய் சொல்வதா என்று அந்தக் குழந்தை ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். யோசித்துச் செய்யவில்லை என்பீர்கள். சரி, இப்போதாவது யோசியுங்கள்.

பணம் போனதை உங்கள் மனைவி மன்னித்துவிடக்கூடும். இரண்டு வருடமாக வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம் தனக்கு மட்டும் தெரியாது என்பதை அவ்வளவு சுலபமாக மன்னிக்க மாட்டார். கணவனும் மனைவியும் பணத்துக்காகச் சண்டை போடலாம், கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம், ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம். அதெல்லாம் பெரியவர்களுக்குள். அதன் நடுவில் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது. அம்மாவிடம் ஒளிக்க ஓர் அப்பா கற்றுக் கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. இன்னும் நாலைந்து வருடத்தில் அவனுக்கே ஒளிக்க வேண்டிய விஷயங்கள் வரும். அப்போது எந்த முகத்தோடு அவனைக் கேட்பீர்கள்?

சுங்கத்துக்கு எழுதும் பொய்யும் வீட்டில் சொன்ன பொய்யும் ஒரே பழக்கத்திலிருந்து வருவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ‘விளையாட்டுப் பொருள்’ என்று எழுதுவதில் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. உலகம் முழுக்கச் சுங்கத்துறைகள் பின்பற்றும் பொருள் வகைப்பாட்டில் பொம்மைகளும் அளவு சுருக்கிய மாடல்களும் 9503 என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. ‘அன்பளிப்பு’ என்பதும் விலையைக் குறைப்பதும்தான் வரியைக் குறைக்கச் செய்யும் வேலை. கடையில் காசு கொடுத்து வாங்கியது அன்பளிப்பு ஆகாது. அது மோசடி, பிடிபட்டால் பொருளும் போகலாம், அபராதமும் வரலாம். பார்சல் வழியில் தொலைந்தாலோ உடைந்தாலோ இழப்பீடு பார்சலில் எழுதிய விலைக்கு மேல் கிடைக்காது. முப்பதாயிரம் யென் ரயிலை மூவாயிரம் என்று எழுதி அனுப்பினால் மீதிக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்? ஜப்பானில் பெயரெடுத்த கடைகள் இப்படி எழுதித் தரவே மாட்டார்கள். எழுதித் தருகிறவரிடம் வாங்குவதை நிறுத்துங்கள்.

செலவை நேர்மையாகக் குறைக்க வழி இருக்கிறது. ஜப்பானின் 10 சதவீத நுகர்வு வரி ஏற்றுமதிக்குக் கிடையாது, வெளிநாட்டுக்கு நேரடியாக விற்கும் பல கடைகள் அதைக் கழித்தே விலை போடுகின்றன. ஒவ்வொன்றாக வரவழைக்காமல், சில ஆர்டர்களைக் கடையிலேயே சேர்த்து வைத்து ஒரே பார்சலாக அனுப்பச் சொல்லுங்கள். மாடல் ரயில் செட் எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். தனியார் கூரியரில் பெட்டியின் அளவையும் கணக்கில் எடுப்பார்கள், அஞ்சல் துறையின் இ.எம்.எஸ். சேவையில் எடைக்குத்தான் கட்டணம். கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வரி மட்டும் வந்தே தீரும். பல நாடுகளில் அனுப்பும் செலவையும் பொருளின் விலையோடு சேர்த்துத்தான் வரி போடுகிறார்கள். வரியோடு சேர்த்து வாங்க முடியாத ரயில், உங்களால் வாங்க முடியாத ரயில்.

இப்போது ‘வெறும் பொம்மை’ என்ற பேச்சுக்கு வருவோம். உங்கள் ரயில்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. காட்டோ 1965-இல் ஜப்பானின் முதல் ‘என்’ கேஜ் ரயிலைக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த வேலையைச் செய்கிறவர்கள் எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். ஜப்பானின் சாதாரண ரயில்கள் குறுகிய 1067 மில்லிமீட்டர் பாதையில் ஓடுபவை, அவற்றை 150-இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். ஷின்கான்சென் ஓடுவது 1435 மில்லிமீட்டர் பாதையில், அதனால் அதை மட்டும் 160-இல் ஒரு பங்காகச் சுருக்குகிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பார்த்து ரசிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது. நல்ல விஷயம்.

ஆனால் உங்கள் மனைவி எதைப் பார்த்து அதைப் புரிந்துகொள்வார்? அவர் பார்த்ததெல்லாம் அட்டைப்பெட்டியும் பணம் கழிந்த கணக்கும்தான். இந்த இரண்டு வருடத்தில் அதுகூட இல்லை. ஒளித்து வைத்த ரயிலை யாருக்கும் ஓட்டிக் காட்ட முடியாது. நீங்கள் முன்பதிவு செய்திருக்கும் 0 வரிசை, 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஷின் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கி 2008 வரை ஓடிய ரயில். அதன் ஒரு பெட்டி நிஜத்தில் 25 மீட்டர். 160-ஆல் வகுத்து 16-ஆல் பெருக்கிப் பாருங்கள், மாடல் இரண்டரை மீட்டர் நீளம் வரும். அந்த நீளத்தை எந்த அலமாரிக்குப் பின்னால் ஓட்டப் போகிறீர்கள்? ஓடாமல் கிடக்கும் ரயில் கெட்டும் போகும். பல்சக்கரத்தில் போட்ட கிரீஸ் இறுகிவிடும், சக்கரத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும். ஜப்பானில் வீட்டில் இடமில்லாதவர்கள் ரயிலைப் பையில் எடுத்துப்போய், பெரிய தண்டவாள அமைப்பு வைத்திருக்கும் கடைகளில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஓட்டுகிறார்கள். நாலு பேர் பார்க்க ஓட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி. நீங்கள் வாங்குவதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தொலைத்துவிட்டீர்கள்.

உங்களை இப்படி ஆக்கியதில் ஒரு பயத்துக்கும் பங்கு இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டே பேசுகிறேன். ஜப்பான் கம்பெனிகள் ஒரு ரயிலை ஒரு தடவையில் குறிப்பிட்ட அளவுதான் செய்கின்றன. விட்டால் வருடக்கணக்கில் கிடைக்காது, ஏலத்தில் விலை ஏறிவிடும். சில பெட்டிகள் மட்டும் உள்ள அடிப்படை செட்டை வாங்கினால், கூடுதல் பெட்டிகள் செட்டையும் வாங்கினால்தான் ரயில் முழுமையாகும். இப்படி இழுத்துக்கொண்டே போகும். ஆனால் மக்கள் விரும்பும் ரயில்களை அவர்களே மறுபடியும் தயாரிக்கிறார்கள், 0 வரிசை மாதிரியானவை திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. ஒரு ரயிலைத் தவற விடுவதற்கு இவ்வளவு பயப்படுகிற நீங்கள், பிள்ளையின் பத்து வயது திரும்பி வராது என்பதற்குக் கொஞ்சமும் பயப்படவில்லையே தம்பி. பார்சல் ‘குழந்தை விளையாட்டுப் பொருள்’ என்று எழுதி வருகிறது, குழந்தையே சுமக்கிறான், தொட மட்டும் கூடாது. இதைப் படித்தபோதுதான் எனக்கு உங்கள் மேல் உண்மையாகவே கோபம் வந்தது.

மனைவிக்குப் புரிய வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். புரிய வைக்கும் இடத்தில் நீங்கள் இப்போது இல்லை, சொல்லி ஒப்புக்கொள்ளும் இடத்தில் இருக்கிறீர்கள். முதலில் ஐந்து வருட ஆர்டர் மின்னஞ்சல்களையும் எடுத்து, விலை, அனுப்பிய செலவு, வரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகையை அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்ல வேண்டும். மகன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். நிறுத்தியதாகச் சொன்னது பொய் என்று சொல்லுங்கள். மகனை ஒளிக்க வைத்ததையும் நீங்களே சொல்லுங்கள். அதைக் கடைசியில் மெதுவாகச் சேர்க்காதீர்கள், முதலில் சொல்லுங்கள். அவர் கத்தினால் கத்தட்டும். ‘உனக்கு என் ரசனை புரியாது’ என்று மட்டும் திருப்பிச் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் அவர் பக்கத்தில் இருக்கும்போதே மகனைக் கூப்பிடுங்கள். ‘அம்மாவிடம் மறைக்கச் சொன்னது என் தப்பு, உன் மேல் ஒரு தப்பும் இல்லை, இனிமேல் எனக்காக எதையும் ஒளிக்க வேண்டாம்’ என்று சொல்லுங்கள். அவன் அழலாம், அம்மா கோபித்துக்கொள்வாளோ என்று பயப்படலாம். அவனை யாரும் அதட்டக் கூடாது என்று மனைவியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது நீங்கள் அவரிடம் கேட்கக்கூடிய ஒரே சலுகை.

வீடு கொஞ்சம் அடங்கிய பிறகு, இருப்பதில் ஒரு ரயிலை எடுத்து மகன் கையில் கொடுங்கள். தண்டவாளமும், ரயிலுக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் கன்ட்ரோலரும் வாங்கியிருக்கிறீர்களா என்பது கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் கையில் இருக்கும் ரயில்களில் நாலைந்தை விற்று அந்தப் பணத்தில் வாங்குங்கள், வீட்டுப் பணத்தில் வேண்டாம். காட்டோ தண்டவாளமும் டோமிக்ஸ் தண்டவாளமும் நேராக ஒன்றோடு ஒன்று பூட்டாது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கம்பெனி ரயிலும் இரண்டின் மேலும் ஓடும். ரயிலுக்குப் போவது 12 வோல்ட்தான், ஆனால் ஜப்பானில் விற்கும் அடாப்டர் அந்த நாட்டின் 100 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்தது. 220, 230 வோல்ட் உள்ள இடத்தில் அப்படியே சொருகினால் எரிந்துவிடும், வீட்டில் குழந்தை இருக்கிறது. பொருத்தமான அடாப்டரோ மின்மாற்றியோ வாங்கிய பிறகு ஆரம்பியுங்கள். தண்டவாளத்தைக் கோர்ப்பது பத்து வயதுப் பிள்ளைக்குக் கை வரும் வேலை. ஒரு கைப்பிடிக் கம்பியோ கண்ணாடியோ உடைந்தால் உடையட்டும்.

முன்பதிவு விஷயத்தை உங்கள் மனைவியின் முடிவுக்கு விடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அன்றே கடைக்கு எழுதி ரத்து செய்யுங்கள், ரத்துக் கட்டணம் கேட்டால் கட்டிவிடுங்கள். வரட்டும் என்று சொன்னால் உங்கள் பெயருக்கு, உண்மையான விலை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சுங்க வரி எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, பணம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதி, பார்சல் கிளம்புவதற்கு முன்பே அவரிடம் காட்டுங்கள்.