கண்காட்சியில் முதல்முறை மரக்கரண்டி விற்கப் போகிறேன். அடக்கவிலை என்றால் என்ன?

அடக்கவிலை என்பது ஒரு பொருள் வாங்குபவர் கைக்குப் போய்ச் சேரும்வரை நமக்கு ஆகும் மொத்தச் செலவு. புதிதாக ஸ்டால் போடுபவர்கள் பலர் மரக்கட்டை, உப்புத்தாள், எண்ணெய்ப் பூச்சோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். குழியைக் குடைந்து, சிராய் குத்தாத அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய ஒன்றரை மணி நேரம்? அதற்கும் கூலி உண்டு, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஸ்டால் வாடகை. 3000 ரூபாய் கட்டி 60 கரண்டி விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 50 ரூபாய் விழும். 30 தான் விற்றால் 100. ஊருக்கு வெளியே சவாரி போகும் ஆட்டோக்காரர் காலியாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்துத்தானே கேட்கிறார், அதே கணக்குதான்.

‘முதல் தடவைதானே, குறைத்து வைத்தால் விற்றுவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள்; விலை ரொம்பக் குறைந்தால், மெஷினில் செய்ததோ என்றுதான் வருபவர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.