தஸ்தயேவ்ஸ்கி: எந்தப் பெரிய நாவலில் தொடங்கலாம்?

கேள்வி: புத்தகக் கண்காட்சியில் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாஸவ் சகோதரர்கள்' வாங்கினேன். மடாலயத்தில் எல்லோரும் கூடிச் சண்டை போடும் இடத்தைத் தாண்ட முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து படிப்பதா, அவருடைய வேறு நாவலுக்குப் போவதா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: வேறு நாவலுக்குப் போங்கள். 1866இல் வந்த 'குற்றமும் தண்டனையும்' உங்களுக்குச் சரியான தொடக்கம்.

நீங்கள் நின்றது இரண்டாம் நூலில் (நாவலின் பெரும்பிரிவுகளுக்கு 'நூல்' என்று பெயர்). பலரும் அங்கேதான் நிற்கிறார்கள். கரமாஸவ் நாவலில் 12 நூல்கள், கடைசியில் ஒரு பின்னுரை. முதல் நூல் முழுக்கக் குடும்பத்தின் பழங்கதை. கொலை நடப்பதோ எட்டாம் நூலில். அதுவரை தகப்பன், மூன்று மகன்கள், இரண்டு பெண்கள், ஒரு மூத்த துறவி, சமையல் செய்யும் ஸ்மெர்தியகோவ் என்று ஒவ்வொருவருக்கும் மற்றவரோடு என்ன பகை, என்ன கடன் என்பதை ஆசிரியர் நிதானமாக விரித்துக்கொண்டே போகிறார். அவரைப் பழகியவருக்கு அது விருந்து. புதியவருக்கு யாரைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்றே தெரியாது.

'குற்றமும் தண்டனையும்' அப்படியல்ல. பெரும்பகுதி ரஸ்கோல்னிகோவ் என்ற ஒருவனின் பின்னாலேயே நடக்கிறோம். அவன் அறையிலிருந்து அடகுக்காரக் கிழவியின் வீட்டுக்கு 730 காலடி என்பதுவரை அவன் எண்ணி வைத்திருக்கிறான். முதல் பகுதி முடிவதற்குள் கொலை நடந்துவிடுகிறது. 'அசாதாரண மனிதர்களுக்குச் சட்டத்தை மீற உரிமை உண்டு' என்ற அவனுடைய கொள்கை விரிவாக விவாதிக்கப்படுவது மூன்றாம் பகுதியின் ஐந்தாம் அத்தியாயத்தில், விசாரணை அதிகாரி போர்ஃபிரியின் முன்னால். செயல் முதலில், அதன் தத்துவம் பிறகு. தஸ்தயேவ்ஸ்கியிடம் தத்துவம் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு கருத்தை வாதாடி நிரூபிப்பதைவிட, அதை ஒருவனுக்குள் ஏற்றிவிட்டு அவனுடைய தூக்கம், காய்ச்சல், தாயிடம் பேசும் பேச்சு எல்லாம் என்னவாகின்றன என்று பார்ப்பதே அவர் வழி. ஒரே மனிதனிடம் இதைப் பார்த்துப் பழகிவிட்டால், கரமாஸவ் வீட்டில் நான்கைந்து பேரிடம் ஒரே நேரத்தில் அது நடக்கும்போது திணற மாட்டீர்கள்.

சிக்கும் இடங்கள் இதிலும் உண்டு. முதல் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் மர்மெலாதவ் என்ற குடிகாரர் மதுக்கடையில் பக்கம் பக்கமாகப் புலம்புவார். கதைக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், தாண்டிவிடாதீர்கள். அவர் மகள் சோனியாவை முதலில் அறிவது அந்தப் புலம்பலில்தான். இரண்டாம் பகுதியில் காய்ச்சலும் மயக்கமுமாக நாள்கணக்கு குழம்பும். அவனுக்கே குழம்புகிறது, ஆகவே திரும்பிப் போய்ச் சரிபார்க்க வேண்டாம்.

ஆறு பகுதிகளில் 39 அத்தியாயங்கள், பின்னுரையில் இரண்டு. நாளுக்கு ஒன்று என்றால் 41 நாள். வாரக்கடைசியில் மட்டும் படிப்பவர் பகுதியின் நடுவில் நிறுத்தாமல் இருப்பது நல்லது. அவருடைய காட்சிகள் நீளமானவை. நடுவில் விட்டால் சூடு ஆறிவிடும்.

கேள்வி: சின்னதாக 'நிலவறைக் குறிப்புகள்' படித்துவிட்டுப் பெரிய நாவலுக்கு வரச் சொல்கிறார்களே?
— வாசகி, திருச்சி

பதில்: பக்கம் குறைவு என்பதைத் தவிர அதில் எளிமை எதுவும் இல்லை. 1864இல் வந்த அந்நூலின் முதல் பகுதி, பதினொரு அத்தியாயங்களும், அன்றைய ரஷ்யப் பகுத்தறிவுவாதிகளோடு ஒருவன் தனியாக உட்கார்ந்து போடும் சண்டை. எதிராளி யாரென்று தெரியாமல் படித்தால் வெறும் எரிச்சலாகவே கேட்கும். அதைத்தான் முதலில் படிப்பேன் என்றால், இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அது கதை, அந்த மனிதனின் 24 வயதில் நடந்தது. பிறகு முதல் பகுதிக்கு வந்தால் 40 வயதில் ஏன் இப்படிக் கசந்து பேசுகிறான் என்பது பிடிபடும்.

'வெண்ணிற இரவுகள்' அருமையான குறுநாவல்தான். ஆனால் அது 1848இல், அவர் சைபீரியச் சிறைக்குப் போவதற்கு முன் எழுதியது. பெரிய நாவல்களுக்கு அதை வாசல் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பெயர்கள்! ஒரே ஆளுக்கு மூன்று பெயர். என்ன செய்வது?
— வாசகர், மதுரை

பதில்: நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கிறோம், ரஷ்யர்கள் அந்தப் பெயரை முழுதாக நடுவில் வைக்கிறார்கள். ரஸ்கோல்னிகோவின் பெயர் ரோடியன் ரொமானோவிச், அதாவது ரொமானின் மகன் ரோடியன். அவன் தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா. இந்த இரண்டையும் சேர்த்து அழைப்பது மரியாதை. ரோத்யா, தூன்யா என்பவை வீட்டுச் செல்லப்பெயர்கள். கரமாஸவ் வீட்டின் மூத்த மகன் திமித்ரி வீட்டில் மீத்யா, இளக்காரமாகச் சொன்னால் மீத்கா. எனவே யார் எந்தப் பெயரால் அழைக்கிறார் என்பதே உறவைக் காட்டிக்கொடுக்கும். அட்டையின் உள்பக்கத்தில் ஆளுக்கு ஒரு வரி எழுதி வையுங்கள், பத்துப் பன்னிரண்டு பெயர் போதும். ஓர் எச்சரிக்கை: கதரீனா இவானோவ்னா என்ற பெயர் இரண்டு நாவலிலும் வரும். ஒருத்தி மர்மெலாதவின் மனைவி, மற்றவள் திமித்ரிக்கு நிச்சயிக்கப்பட்டவள்.

கேள்வி: கரமாஸவில் 'மத விசாரணை அதிகாரி' அத்தியாயத்தை மட்டும் படித்தால் போதாதா?
— வாசகர், கோவை

பதில்: போதாது. ஐந்தாம் நூலின் ஐந்தாம் அத்தியாயம் அது, இரண்டாம் மகன் இவான் தன் தம்பிக்குச் சொல்லும் கதை. குழந்தைகள் படும் துன்பத்தை இவான் அடுக்கும் நான்காம் அத்தியாயம் இல்லாமல் படித்தால் வெறும் உவமைக் கதையாகிவிடும். இவானுக்கான பதிலாகத் தஸ்தயேவ்ஸ்கி எழுதியது ஆறாம் நூலை, அதாவது துறவி ஸோசிமாவின் வாழ்க்கையையும் போதனையையும். அந்தப் பதில் போதுமா என்ற கவலை அவருக்கே இருந்ததை 1879ஆம் ஆண்டுக் கடிதத்தில் பார்க்கலாம். கவலை நியாயமானது. ஸோசிமாவைவிட, பதினோராம் நூலில் பிசாசோடு பேசும் இவானின் நிலைதான் வலுவான பதில். அங்கே போய்ச் சேர முழு நாவலும் வேண்டும்.

கேள்வி: தமிழில் எது கிடைக்கும்? சுருக்கப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, சென்னை

பதில்: 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்', 'நிலவறைக் குறிப்புகள்' மூன்றும் எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பில் உள்ளன. கரமாஸவுக்குப் புவியரசு, அரும்பு சுப்ரமணியம் என இரு மொழிபெயர்ப்புகள். கடையிலேயே இரண்டிலும் ஒரே பக்கத்தை, உரையாடல் நிறைந்த ஒன்றை, மெல்ல வாய்விட்டுப் படியுங்கள். எந்தத் தமிழ் உங்கள் நாக்கில் ஓடுகிறதோ அது உங்களுக்கு. வேறு எந்தப் பதிப்பானாலும் பொருளடக்கத்தை எண்ணுங்கள். 'குற்றமும் தண்டனையும்' ஆறு பகுதியும் பின்னுரையும் இல்லாவிட்டால் அது சுருக்கம்.

கேள்வி: அதற்கடுத்து?
— வாசகர், புதுச்சேரி

பதில்: நேராகக் கரமாஸவுக்கே திரும்பலாம். நடுவில் ஒன்று வேண்டுமென்றால் 'அசடன்'. அதன் முதல் பகுதி முழுவதும் ஒரே நாளில், காலை ரயிலில் தொடங்கி இரவில் ஒரு லட்சம் ரூபிள் நெருப்பில் விழுவதோடு முடிகிறது. அவர் எழுதியதிலேயே வேகமான பக்கங்கள். இரண்டாம், மூன்றாம் பகுதிகள் தொய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவு உங்களைச் சும்மா விடாது.

அரசியல் நாவலான 'பேய்கள்' கடைசியில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் 'டெமன்ஸ்', 'டெவில்ஸ்', 'தி பொஸெஸ்டு' என மூன்று தலைப்புகளில் விற்பதும் இது ஒன்றுதான், இரண்டு தடவை வாங்கிவிடாதீர்கள். அதன் மையப் பாத்திரம் ஸ்தவ்ரோகின் ஒரு துறவியிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் அத்தியாயத்தைப் பத்திரிகை ஆசிரியர் கத்கோவ் வெளியிட மறுத்துவிட்டார். 1922இல்தான் அது அச்சேறியது. பல பதிப்புகள் அதைப் பின்னிணைப்பில் தள்ளியிருக்கும். இரண்டாம் பகுதியின் எட்டாம் அத்தியாயம் முடிந்ததும் பின்பக்கம் புரட்டி அதைப் படித்துவிட்டு மேலே போங்கள்.