முழங்கால் வலிக்கு ஊசி குத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. நாற்பது வருஷம் நடவு, களையெடுப்பு என்று சேற்றில் நின்ற கால். இப்போது மூட்டுத் தேய்மானம், திண்ணையில் உட்கார்ந்தால் தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். அக்குபங்சர் பார்க்கச் சொல்கிறார்கள். ஊசி குத்தினால் வலி எப்படிப் போகும்?
– வாசகி, நீடாமங்கலம்

பதில்: தேய்ந்த மூட்டு இதனால் வளர்ந்துவிடாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வளரும் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஆனால் வலி குறைய வாய்ப்பு இருக்கிறது.

தோள்பட்டை இறுகிப்போய் நானும் குத்திக்கொண்டவன்தான். ஆஸ்பத்திரி ஊசியை நினைத்து அம்மா பயப்பட வேண்டாம், இதில் மருந்தும் இல்லை, துளையும் இல்லை, கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கம்பி, அவ்வளவுதான். தோலைத் தாண்டும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அப்புறம் லேசாகத் திருகுவார்கள், உள்ளே ஒரு கனம், மரத்துப்போன மாதிரி ஓர் இழுப்பு. இதைச் சீனர்கள் ‘தே சீ’ என்பார்கள், சக்தி வந்து சேர்ந்துவிட்டதாம். நரம்பியல்காரர்கள் அதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள்: தசையில் உள்ள நரம்பு முனைகள் தூண்டப்பட்டு, சேதி முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போய், உடம்பு தானே தயாரிக்கும் வலிமருந்தான எண்டார்ஃபின் சுரக்கிறது. 1970களில், அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனைக் கொடுத்துப் பார்த்தபோது ஊசியால் கிடைத்த நிவாரணமும் குறைந்ததைக் கண்டார்கள்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனையில், அக்குபங்சருக்கென்று குறித்த புள்ளிகளில் முறைப்படி குத்தியதில் 47.6 சதவீதம் பேருக்கும், புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியதில் 44.2 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 சதவீதம்தான். ஆக, புள்ளியை விட, யாரோ அக்கறையாகக் கேட்டு அரை மணி நேரம் படுக்க வைப்பதும் நம்பிக்கையும்தான் பெரும்பங்கு வேலை செய்கின்றன என்பது என் கணிப்பு. நாற்பது வருஷத்தில் அம்மா பகலில் அரை மணி நேரம் படுத்திருப்பாரா, சொல்லுங்கள்!

சரி, போவதென்றால் ஊசி பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏழெட்டுத் தடவை போயும் மாற்றம் இல்லையென்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்கும் பயிற்சியை மட்டும் விடவே கூடாது, தொடைத் தசை பலமானால் மூட்டின் பாரம் குறையும். மூட்டு சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் நேரே டாக்டரிடம்.

கேள்வி: எங்கள் ஊரில் ஊசியே இல்லாமல் ஒரு விரலால் தொட்டே குணப்படுத்துகிறார். அதுவும் அக்குபங்சர்தானா?
– வாசகர், பாபநாசம்

பதில்: அவர் அப்படித்தான் சொல்வார். மேலே சொன்ன சோதனைகள் ஊசி குத்தி நடந்தவை, விரலுக்கு அவற்றைச் சாட்சியாக இழுக்க முடியாது.